சித்ரா சாப்பிட்ட மாத்திரை

கோயமுத்தூர்
9 ஜூன் 2024

என் சித்ராவுக்கு,

முனீஸ் எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? என்னைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே சோற்றுக்குக் குறையில்லை, தூக்கம்தான் சரியாக வருவதில்லை.

காதலிக்கிற காலத்தில்கூட நாம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டதில்லை. ஒரே பனியன் கம்பெனி, ஒரே டீக்கடை. எழுத என்ன இருந்தது? கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து ஜெயிலுக்குள் உட்கார்ந்து உனக்கு முதல் கடிதம் எழுதுகிறேன். போனில் பேச விடுகிறார்கள்தான். ஆனால் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். "சாப்பிட்டியா?" என்று நான் கேட்கிறேன். "சாப்டனுங்க மாமா" என்று நீ சொல்கிறாய். அதோடு நேரம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் பேப்பர் வாங்கினேன்.

என்னைத் தையல் பிரிவில் போட்டிருக்கிறார்கள். வேன் ஓட்டியவன் கையில் ஊசி நிற்கவில்லை. நாள் முழுக்க மிஷினில் குனிந்து உட்கார்ந்தால் முதுகு இப்படி வலிக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் நீ சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாய். அது கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடினால் உன்னை முதலில் பார்த்த நாள்தான் வருகிறது. நீ அப்போது ஓவர்லாக் மிஷினுக்குப் பின்னால் நின்று, தைத்து வரும் துணியை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாய். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. நான் துணி பண்டலை இறக்கிவிட்டு, "இதை எங்க வைக்க?" என்றேன். "அக்கட்டால வைங்க" என்றாய். எனக்குப் புரியவில்லை. அக்கட்டால என்றால் அந்தப் பக்கம் என்று சாத்தூர்ப் பக்கத்துக்காரனுக்கு எப்படித் தெரியும்? பண்டலைத் தலையில் வைத்தபடியே நின்றேன். நீ சிரித்த சிரிப்பில் தையல் லைனே நின்றுவிட்டது.

அதற்கப்புறம் அந்த மழைக்காலையும் வந்துவிடுகிறது. சைக்கிளில் வந்து என் வேனில் அடிபட்டு இறந்த அந்தப் பெரியவர். அவரை நினைக்காத நாள் இல்லை. ஒரு வருஷம் உள்ளே இருந்தாலும் அது தீராது.

இந்த மாதம் நீ மனு பார்க்க வரவில்லை. இங்கே ஆள் பார்க்க வருவதை மனு என்றுதான் சொல்கிறார்கள். ஏன் வரவில்லை? எழுது. ஆனால் ஒன்று, இங்கே வருகிற கடிதத்தை ஓர் அதிகாரி பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். பார்த்து எழுது.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
முனீஸ்


முதலிபாளையம், திருப்பூர்
2 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சித்ரா வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று படித்ததும்தான் எனக்குச் சோறு இறங்கியது. நான் நன்றாக இருக்கிறேன். லேசான காய்ச்சல் வந்து போனது. அதனால்தான் மனு பார்க்க வர முடியவில்லை.

கம்பெனியில் இப்போது பிசிறு வெட்டுகிற பக்கம் மாறிவிட்டேன். நூல் நுனிகளை வெட்டிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். சூப்பர்வைசர் நல்லவர், ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் அக்கா தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிடுகிறார். "நீ குடத்தத் தொடாத கண்ணு" என்கிறார்.

மழை வந்தால் நம் லைன் வீட்டுத் தகரக் கூரை சத்தம் போடுகிறது. நாம் குடிவந்த முதல் மாதம் ஞாபகம் இருக்கிறதா? என் அப்பா பேச்சை நிறுத்தியிருந்தார். தறி ஓட்டுகிற எங்கள் குடும்பத்தில் வெளியூர்ப் பையனைக் கட்டிய முதல் பெண் நான்தான். நம்மிடம் ஒரே ஒரு பாத்திரம். அதிலேயே சோறு வடித்து, கழுவி, அதிலேயே குழம்பு வைப்பேன். குழம்பு கொதிப்பதற்குள் சோறு ஆறிப்போகும். ஒருநாள் மழைச் சத்தத்தில் நீங்கள் பேசுவது கேட்காமல், "ஏனுங்க? ஏனுங்க?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீங்கள் கையில் இருந்த சோற்றோடு எழுந்து வந்து காதுக்குள் சொன்னீர்கள். என்ன சொன்னீர்கள் என்று இங்கே எழுத முடியாது. படிக்கிற அய்யா இருக்கிறாரே.

மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். பிழையாக எழுதிவிட்டேன், அவ்வளவுதான். 

குளிர் காலம் வருமுன் போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்
சித்ரா


கோயமுத்தூர்
21 ஜூலை 2024

என் சித்ராவுக்கு,

நீ சுகம் என்று எழுதியதை நம்புகிறேன். நானும் அப்படியே.

நீ அடித்த வரியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். "டாக்டர்" என்ற சொல் மட்டும் தெரிந்தது. காய்ச்சலுக்குப் போன டாக்டரை ஏன் அடிக்கிறாய்? பழனாத்தாள் அக்கா உன்னைக் குடம் தொட வேண்டாம் என்றால், என்னமோ இருக்கிறது. ஒருவேளை, ஒருவேளை, என்று இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் உள்ளே வந்தது ஏப்ரலில். அப்படி ஏதாவது நல்ல சேதியாக இருந்தால் சொல்லிவிடு. இரண்டாம் வருஷம் கரு வந்து தங்காமல் போனதே, அதற்குப் பிறகு நாம் அந்தப் பேச்சே எடுத்ததில்லை. 

ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துக்கொள்கிறேன். பாசஞ்சர் ரயில் ஏறி ஊத்துக்குளி போவோம். வெண்ணெய் வாங்குவதற்கு என்று பெயர். பிளாட்பாரத்து மரத்தடியில் உட்கார்ந்து திரும்பி வரும் ரயிலுக்காகக் காத்திருப்பதுதான் உண்மையான வேலை. வெண்ணெய் பாதி உருகியே வீடு வந்து சேரும். ஒரு தடவைகூட நீ அதற்கு வருத்தப்பட்டதில்லை.

அம்மா அடுத்த மாதம் உன்னோடு பத்து நாள் இருக்க வருகிறாள். உனக்கு ஒத்தாசையாக இருக்கும்.

மறைக்காமல் எழுது.

உன்
முனீஸ்


முதலிபாளையம்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அங்கே எல்லாம் நல்லபடி இருக்கும் என்று முருகனை நம்பியிருக்கிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நீங்கள் நினைத்த நல்ல சேதி இல்லை மாமா. மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு உடம்பில் ரத்தம் குறைவாக இருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்திருக்கிறது என்று பழனாத்தாள் அக்காகூடச் சொன்னார்.

அத்தை வந்திருக்கிறார்கள். வந்த அன்றே கருவாட்டுக் குழம்பு வைத்து லைன் முழுக்க மணக்க வைத்துவிட்டார்கள். "இந்த ஊர்த் தண்ணில புளியே கரைய மாட்டேங்கு தாயி" என்று குறை. முதல் நான்கு நாள் என்னோடு கலகலப்பாகத்தான் இருந்தார்கள். இப்போது இரண்டு நாளாக அதிகம் பேசவில்லை. ஊர் நினைப்பு வந்துவிட்டது போல. நாளை உங்களைப் பார்க்க வருகிறார்கள். உங்களுக்குப் பிடித்த முறுக்கு சுட்டிருக்கிறோம். உள்ளே விடுவார்களா தெரியவில்லை.

தீபாவளி போனஸ் பற்றிக் கம்பெனியில் இப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. போன தீபாவளிக்குப் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் நீங்கள் என் கையைப் பிடித்தபடி ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தீர்களே. துண்டு ஊர் போய்ச் சேர்ந்தது, நாம் பஸ்ஸைத் தவறவிட்டோம். அந்தத் துண்டு இப்போது யார் தோளில் இருக்கிறதோ.

உங்கள்
சித்ரா


கோயமுத்தூர்
8 செப்டம்பர் 2024

சித்ராவுக்கு,

அம்மா மனு பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு எதிலும் புத்தி போகவில்லை.

உன் தலையணைக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை இருக்கிறதாம். ஊரில் நர்சம்மா கொடுக்கிற கருத்தடை மாத்திரைதான் அது, எனக்கு நன்றாகத் தெரியும் என்கிறாள். சத்து மாத்திரை என்று நீ எழுதியிருந்தாய்.

நான் உள்ளே இருக்கிறேன். நீ தனியாக இருக்கிறாய். அந்த மாத்திரை உனக்கு எதற்கு? 

பதில் எழுது. எழுத விருப்பமில்லை என்றால் வேண்டாம்.

முனீஸ்


முதலிபாளையம்
2 அக்டோபர் 2024

முனீஸ் தம்பிக்கு,

பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் சம்சாரம் சுகமாக இல்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

சித்ரா இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறது. இடது காலுக்குள் ரத்தம் உறைந்து கட்டிவிட்டது. இப்போது பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் கடிதம் வந்த அன்று நான் அதன் பக்கத்தில்தான் இருந்தேன். படித்தது, மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டது. நானாகத்தான் பிடுங்கிப் படித்தேன். அதற்கு என்னைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

தம்பி, மாசாமாசம் அந்தப் பெண் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். பத்து நாள், பன்னிரண்டு நாள் நிற்காமல் போகும். நீங்கள் போன அடுத்த மாதம் கம்பெனியில் மிஷின் மேலேயே மயங்கி விழுந்தது. ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்றார்கள். எனக்கே அதுதான் நல்லது என்று பட்டது. அந்தப் புள்ளை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "முடியாதுங்க. அவரு வந்தா நாங்க கொழந்தை பெத்துக்கோணும்" என்றது. எழுந்து நிற்க ஜீவன் இல்லை, அந்தப் பேச்சுக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ. பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் ஏற்றினார்கள். அந்த மாத்திரையைக் கொடுத்தது அங்கே இருக்கும் டாக்டரம்மா.

மாத்திரை எதற்கு என்று கேட்டீர்களே, கர்ப்பப்பையைக் காப்பாற்றத்தான். மீதியை அது எழுதும். எழுதாவிட்டாலும் நீங்கள் எழுதுங்கள். நேரில் இருந்திருந்தால், "ஏனுங்க தம்பி, உங்களுக்கு மனசே இல்லீங்களா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டிருப்பேன்.

பழனாத்தாள்


கோயமுத்தூர்
9 அக்டோபர் 2024

சித்ரா,

கால் எப்படி இருக்கிறது? முதலில் அதைச் சொல்.

உன்னிடம் ஒன்றும் கேட்க எனக்கு வாய் இல்லை. நான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. மயங்கி விழுந்தாய், ரத்தம் ஏற்றினார்கள், கால் வீங்கியது. நான் இங்கே சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டு உன்மேல் கோபமாக இருந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் எழுது. இன்னொரு தடவை எதையும் அடிக்காதே. யார் படித்தால் என்ன?

உன்
முனீஸ்


முதலிபாளையம்
10 நவம்பர் 2024

மாமாவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். காலில் இறுக்கமான உறை போட்டிருக்கிறார்கள். மெதுவாக நடக்கிறேன். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளி எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. சரிக்குச் சரியாகிவிட்டது.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஒரு மாதம் எனக்கு எழுத மனசு வரவில்லை என்பதும் உண்மைதான். காலில் ரத்தம் கட்டியதைவிட அந்தக் கடிதம்தான் வலித்தது. அதை இனி எழுதப் போவதில்லை. இந்த ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் அய்யாவுக்கு வணக்கம். உங்கள் வீட்டிலும் பெண்கள் இருப்பார்கள். நான் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. படித்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

மாமா, எனக்கு மாதவிலக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் இருக்கும்போதே அப்படித்தான். மடித்து வைத்த துணியெல்லாம் போதாமல் கம்பெனியில் வீணாகும் பனியன் துணியை அள்ளிக்கொண்டு வருவேன். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, "கட்டி எதுவும் இல்ல. கர்ப்பப்பையோட உள்சுவர் அளவுக்கு மேல தடிச்சுப் போகுது. அது உதிரும்போதுதான் இவ்வளவு ரத்தம் போகுது" என்றார்கள். கருத்தடை மாத்திரை எழுதினார்கள். நான் பதறிப்போய், "நான் கொழந்தை வேணும்னு இருக்கறவங்க. எனக்கு எதுக்குங்க இது?" என்றேன்.

அவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நம் உடம்பிலேயே சுரக்கிற இரண்டு ஹார்மோன் மாதிரிதான் அந்த மாத்திரைக்குள்ளும் இருக்கிறதாம். தினமும் சாப்பிட்டால் சினைப்பை ஓய்வு எடுத்துக்கொள்ளும், கருமுட்டையை வெளியே விடாது. கர்ப்பப்பை வாயில் இருக்கும் சளி கெட்டியாகி விந்தணுவையும் விடாது. அதனால்தான் கரு நிற்பதில்லை. உள்சுவரும் மெல்லிசாகவே இருக்கும். எனக்கு வேண்டியது அதுதான். "சாப்பிடற வரைக்கும்தான் கரு நிக்காது. நிறுத்தினா பழையபடி முட்டை வரும். மலடாக்கற மாத்திரை இல்ல கண்ணு இது" என்றார்கள். ரொம்ப நாள் சாப்பிட்டவர்களுக்குச் சினைப்பையில் புற்றுநோய் வருவதுகூடக் குறையுமாம். மார்பில் வருவது மட்டும் சாப்பிடும் காலத்தில் துளி கூடுமாம். இரண்டையும் சொன்னார்கள்.

ஆபத்தையும் அப்போதே சொன்னார்கள். கண்ணில் மின்னல் அடிக்கிற மாதிரி ஒற்றைத் தலைவலி உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, வீட்டில் யாருக்காவது ரத்தம் கட்டியதா என்று கேட்டார்கள். எனக்கு எதுவும் இல்லை. "ஆயிரக்கணக்கான பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்குக் கால்ல ரத்தம் கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, நெஞ்சு வலிச்சு மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, காத்துட்டு இருக்காதே, ஓடி வா" என்றார்கள். முதல் மாதம் குமட்டல் இருந்தது, போய்விட்டது. இரண்டாம் மாதம் நான்கே நாளில் மாதவிலக்கு நின்றது. மாமா, வயசுக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு மாதத்தை நான் பார்த்ததில்லை. அன்று சந்தோஷத்தில் பாயாசம் வைத்தேன். அத்தை எதற்கு என்று கேட்டார்கள், சொல்ல வாய் வரவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம்.

அந்த ஒருத்தர் ரெண்டு பேரில் நானும் வந்துவிட்டேன். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது இடது கெண்டைக்கால் தடித்திருந்தது, செருப்பு வார் ஏறவில்லை. டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. கம்பெனிக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது நெஞ்சுக்கு ஏறியிருக்குமாம்.

அந்த மாத்திரை இனி எனக்கு ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால் ரத்தப்போக்கு கூடிவிடக் கூடாது என்று கர்ப்பப்பைக்குள் சின்னதாக ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரே ஹார்மோன்தான், அதுவும் பெரும்பாலும் வைத்த இடத்திலேயே வேலை செய்யும், காலுக்கு ஆபத்தில்லை என்றார்கள். இப்போது திட்டுத்திட்டாகப் படுகிறது. சில மாதத்தில் அதுவும் குறையுமாம். பக்கத்துக் கட்டிலில் ஒடிசாப் பெண் ஒருத்தி இருந்தாள், செக்கிங் வேலை. அவள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசி போட்டுக்கொள்கிறாளாம். அவளுக்கு அது ஒத்துப்போகிறது. ஒவ்வொரு உடம்புக்கு ஒவ்வொன்று.

எல்லாம் எழுதிவிட்டேன். ஒரு வரியும் அடிக்கவில்லை.

சித்ரா


கோயமுத்தூர்
1 டிசம்பர் 2024

என் சித்ராவுக்கு,

நடக்கிறாய் என்று படித்ததும் எனக்கு நடக்கிற தெம்பு வந்தது. இங்கே ஒரு குறையும் இல்லை.

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது அந்த அதிகாரி என் முகத்தைப் பார்க்கவில்லை. "உட்கார்ந்து படி" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் தையல் பிரிவுக்கு வந்து, யாருக்கும் கேட்காத மாதிரி, "எந்த ஆஸ்பத்திரின்னு எழுதியிருந்தாங்க? என் பொண்ணுக்கும் இதே தொல்லை. படிப்பே போகுது" என்றார். சொன்னேன்.

நான் உன்னோடு ஆறு வருஷம் ஒரே அறையில் படுத்திருக்கிறேன். கம்பெனியிலிருந்து நீ கழிவுத் துணி கொண்டுவருவாய். அடுப்பு துடைக்க என்று சொல்வாய். நான் நம்பியிருக்கிறேன். அந்த வீட்டில் எத்தனை அடுப்பு இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

பிப்ரவரியில் விட்டுவிடுவார்கள் என்று பேச்சு இருக்கிறது. நான் வருவதற்குள் டாக்டரம்மாவிடம் கேட்டு அந்தக் கருவியை எடுத்துவிட முடியுமா? எனக்கு முப்பத்தைந்து ஆகிறது. இங்கே தையல் பிரிவில் கழிவுத் துணியில் ஒருவன் குழந்தைச் சட்டை தைத்து வைத்திருக்கிறான். கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. பழைய நாளெல்லாம் நினைத்து நினைத்துத் தேய்ந்துவிட்டது சித்ரா. வரப்போகிற நாள் ஒன்று வேண்டும்.

உன்
முனீஸ்


முதலிபாளையம்
12 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கலுக்கு முன்னால் இது உங்கள் கைக்கு வர வேண்டும். நலமாக இருங்கள். என் உடம்பில் ரத்த அளவு ஏறியிருக்கிறது. நேற்று சிட்கோ ரோட்டில் கம்பெனி வரைக்கும் எங்கேயும் நிற்காமல் நடந்தேன். மூச்சு வாங்கவில்லை. மாடிப்படி ஏறி என் பழைய மிஷினில் உட்கார்ந்தேன். மணிக்கொரு தடவை எழுந்து நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், சூப்பர்வைசர் சம்மதித்துவிட்டார்.

அத்தை வந்திருந்தார்கள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்கள். "நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும் தாயி" என்றார்கள். நான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். "அட்டையப் பாத்ததும் எப்படிங்கத்தை கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். அடுப்படியில் இருந்த அரிசிப் பானையைப் பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள்: "ஆறு பெத்தேன், ரெண்டு தங்கல. முனீஸப் பெத்தப்ப செத்துப் பொழைச்சேன். நர்சம்மா குடுத்தாக. மூணு வருசம் அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சுத் தின்னேன். அவுகளுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுருப்பாக. ஒளிச்சு வச்சுத் தின்னா தப்புன்னே என் புத்தியில ஏறிப் போச்சு. அதான் உன் அட்டையப் பாத்ததும் பயந்துட்டேன்." அழுதார்கள். நானும் அழுதேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தோம்.

நீங்கள் கேட்டதை டாக்டரம்மாவிடம் கேட்டேன். கருவியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்தபின் கரு நிற்கும், உண்டானதும் முதல் வேலையாக வந்து சொல், காலில் மறுபடி ரத்தம் கட்டாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டு பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க இப்போது சாப்பிடும் மாத்திரை முடிய வேண்டும், உடம்பில் ரத்தம் இன்னும் ஊற வேண்டும்.

அவர்கள் சொன்னது அது. இது நான் சொல்வது. மாமா, எனக்கு ஒரு வருஷம் வேண்டும். நாம் குடிவந்த முதல் வருஷத்தில்கூட நான் பாதி நாள் தலைசுற்றலோடுதான் இருந்தேன், உங்களுக்குத் தெரியாமல். ரயிலில் போகும்போதும் சேலை கறைபட்டிருக்குமோ என்றே உட்கார்ந்திருப்பேன். பயமில்லாத உடம்போடு உங்களோடு ஒரு வருஷம் இருந்து பார்க்க ஆசைப்படுகிறேன். அதற்குப் பிறகு பெற்றுக்கொள்வோம். எனக்கும் ஆசை உங்களுக்குக் குறைந்ததில்லை. ஆனால் இப்போது எடுக்க மாட்டேன்.

உங்களுக்குக் கோபம் வந்தாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள்
சித்ரா


கோயமுத்தூர்
2 பிப்ரவரி 2025

என் சித்ராவுக்கு,

நீ சுகம் என்பதை உன் கையெழுத்திலேயே தெரிந்துகொண்டேன். எழுத்து நேராக நிற்கிறது.

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. முதலில் இரண்டு பக்கம் எழுதினேன். எனக்கு வயசாகிறது, அம்மாவுக்கு வயசாகிறது என்று. படித்துப் பார்த்தேன். அதில் நீ எங்கேயும் இல்லை. கிழித்துவிட்டேன். அம்மா அரிசிப் பானைக்குள் கைவிட்டு எடுப்பது கண்ணில் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பானையிலிருந்துதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில், சரி.

ஒரு வருஷமோ, அதற்கு மேலோ, நீயே சொல். இனி ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் நானும் வருவேன். வெளியே பெஞ்சில் உட்கார மாட்டேன். உள்ளே வந்து டாக்டரம்மா சொல்வதை என் காதால் கேட்பேன். வேன் இனி ஓட்டப் போவதில்லை. காலர் நன்றாக வருகிறது என்கிறார்கள். உன் லைனில் ஒரு மிஷின் காலி இருந்தால் சொல்லி வை.

வரும் பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் விடுகிறார்கள். நீ இங்கே வந்து வாசலில் நிற்காதே, கால் வீங்கும். பஸ் ஸ்டாண்டுக்கும் வர வேண்டாம். கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திரு. நானே வந்துவிடுகிறேன்.

உன்
முனீஸ்